தாளின் எடையும் விமானத்தின் எடையும்

எயார் சிலோன் தன் முதலாவது சேவையை 1947 டிசெம்பர் 10ஆம் திகதி தொடங்கியபோது, விமானம் இரத்மலானையிலிருந்து நேரே சென்னைக்குப் போகவில்லை. வழியில் காங்கேசன்துறையில் இறங்கித்தான் போனது. இறங்கிய இடம், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப்படை பலாலியில் அமைத்த ஓடுபாதை. பயண சேவையில் அதற்கு வழங்கிய பெயர் காங்கேசன்துறை. 'சீதா தேவி' என்று பெயர் சூட்டப்பட்ட அந்த விமானம் ஒரு டகோட்டா, அதாவது அமெரிக்காவின் டக்ளஸ் நிறுவனம் வடிவமைத்த டிசி-3 குடும்பத்தைச் சேர்ந்தது.

அந்த நிறுவனத்தைத் தொடங்கிய டொனால்ட் டக்ளஸ் சொன்னதாக ஒரு பகிடி விமானத் தொழிலில் இன்றும் உலவுகிறது: காகிதங்களின் எடை விமானத்தின் எடைக்குச் சமமாகும் நாளில்தான் விமானம் பறக்கத் தயாராகுமாம். விமானத் தொழிற்சாலையில் வேலை செய்த எவரும் இதைக் கேட்டுச் சிரிப்பார். போல்ட்டை இறுக்க ஒருவர், இறுக்கியதைப் பார்க்க இன்னொருவர், பார்த்ததைப் பதிய மூன்றாமவர், பதிவில் முத்திரை குத்த நாலாமவர். அந்த நால்வரும் வந்து சேரும்வரை சிறகு அசையாமல் கிடக்கும். இந்தச் சிரிப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தத் தாள்கள் எதற்காகப் பிறந்தன என்பதை அறியாமல் சிரித்தால், வெட்ட வேண்டியதை விட்டுவிட்டு வேண்டியதை வெட்டிவிடுவோம். அப்படி வெட்ட முற்பட்டவர்களும் உண்டு.

தாள் இன்றியே நடந்த தொழிலும் உண்டு. காங்கேசன்துறையிலிருந்து கரையோரமாகக் கிழக்கே போனால் வல்வெட்டித்துறை. அங்கே கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கினார். அது அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து 1938இல் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. இக்கரையின் ஓடாவிமாருக்கு அளவு கையிலும் கண்ணிலும் இருந்தது. மரத்தில் முடிச்சு இருந்தால் தெரியும், பலகைப் பொருத்து விலகினால் தெரியும், கப்பல் தண்ணீரில் இறங்கியதும் ஒழுக்கு தானே காட்டிக்கொடுக்கும். வெட்டியவரே பார்த்தார், பார்த்தவரே பொறுப்பேற்றார். அந்தப் பொருளுக்கு அந்த முறை போதுமானதாக இருந்தது.

அலுமினிய விமானம் வேறு வகையான பொருள். அதன் குறைகளிற் பெரும்பாலானவை வெளியே தெரியாதவை.

டகோட்டாவின் உடலை மூடியிருக்கும் தகடுகளைப் பிடித்துவைத்திருக்கும் ரிவெற்றுகளையே எடுத்துக்கொள்வோம். 1906இல் ஜெர்மானிய உலோகவியலாளர் அல்பிரெட் வில்ம், செம்பும் மக்னீசியமும் சிறிது கலந்த அலுமினியத்தைச் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்துப் பார்த்தார். அப்போது அது மென்மையாகவே இருந்தது. சில நாள் கழித்து அளந்தபோது, யாரும் தொடாமலே அது உறுதியேறியிருந்தது. சூட்டில் அலுமினியத்தினுள் கரைந்த செம்பு அணுக்கள் திடீர்க் குளிரில் வெளியேற வழியின்றிச் சிக்கிக்கொள்கின்றன. பிறகு மெல்ல நகர்ந்து சிறு கூட்டங்களாகச் சேர்கின்றன. உலோகம் வளையும்போது அதன் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க வேண்டும். அந்த வழுக்கலை இந்தக் கூட்டங்கள் தடுக்கின்றன. உலோகம் கடினமாவது இதனால்தான். விமானத்துக்கு ஏற்ற டூராலுமின் இப்படிப் பிறந்தது.

இதில் ரிவெற் அடிப்பவருக்கு ஒரு சிக்கல் உண்டு. வலிமை கூடிய கலப்பில் செய்த ரிவெற்றை மென்மையாக இருக்கும்போதே அடித்துத் தலை பரப்ப வேண்டும். கடினமான பிறகு அடித்தால் வெடிக்கும். எனவே சூடேற்றிக் குளிர்வித்த கையோடு அவற்றைக் குளிர்ப்பெட்டியில் வைப்பார்கள். குளிரில் அணுக்களின் நகர்வு மந்தமாகிறது, கடினமாவது தள்ளிப்போகிறது. பெட்டியிலிருந்து வெளியே எடுத்தால் சில நிமிடங்களுக்குள் அடித்துவிட வேண்டும். அடித்த பின் பரப்பிய தலையின் அகலம் ரிவெற்றின் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கும் உயரம் அரை மடங்கும் இருக்கிறதா என்று ஓர் அளவியை வைத்துப் பார்த்துவிடலாம். ஆனால் எடுத்து எத்தனையாவது நிமிடத்தில் அடித்தார்கள்? சூளையின் வெப்பம் சரியாக இருந்ததா? எந்தத் தொகுதி உலோகம்? இவற்றுக்கு ரிவெற்றின் முகத்தில் பதில் இல்லை. அந்தந்த நேரத்தில் அருகே நின்றவர் எழுதிவைத்தால்தான் உண்டு.

விமானத்தின் காகிதம் பெருத்ததற்கு அடிப்படைக் காரணம் இதுதான். போல்ட்டை எவ்வளவு முறுக்கி இறுக்கினார்கள், பசை எத்தனை மணி நேரம் காய்ந்தது, தகடு எந்த உருக்கிலிருந்து வந்தது என்பவை வேலை முடிந்த கணமே பொருளுக்குள் மறைந்துவிடுகின்றன. பிரித்தானியா 1913இலேயே, விமானம் பிறந்து பத்தாண்டு ஆகும்போதே, இராணுவ விமானங்களுக்கென்று தனியான பரிசோதனைத் துறையை அமைத்துவிட்டது. பரிசோதகர் ஒவ்வொருவருக்கும் சொந்த எண் பொறித்த முத்திரை என்ற வழக்கம் இத்தொழிலில் ஊன்றியது. இந்தியாவில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் கட்டும் போர்விமானங்களைத் தொழிற்சாலையின் பரிசோதகர்கள் பார்த்த பின், பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ள வானூர்தித் தர உறுதி இயக்குநரகத்தின் ஆட்கள் மீண்டும் பார்க்கிறார்கள். கட்டுகிறவருக்குத் திகதி நெருக்கும். பார்க்கிறவருக்கு அந்த நெருக்குதல் இருக்கக்கூடாது. அரசுப் பரிசோதகரைத் தனியே வைத்ததன் தர்க்கம் அது, அதில் பிழை காண எனக்கு எதுவும் இல்லை.

பிழை வேறோர் இடத்தில் இருக்கிறது. அது மனிதக் கண்ணில்.

போர்க்காலத்தில் பிரித்தானிய ராடர் இயக்குநர்கள் கடலில் நீர்மூழ்கிகளைத் தேடித் திரையை மணிக்கணக்காகப் பார்த்தார்கள். பார்க்கப் பார்க்கத் தவறவிட்டார்கள். நோர்மன் மக்வேர்த் என்ற உளவியலாளர் இதை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு முள் படிப்படியாக நகர்ந்துகொண்டிருக்கும், எப்போதாவது ஒருமுறை இரட்டைப் படி தாவும்; தாவும்போது சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. 1948இல் வெளியான முடிவு: அரை மணி நேரத்திலேயே கவனம் தெளிவாகச் சரிந்துவிடுகிறது. சோம்பல் இதற்குக் காரணமல்ல. மாற்றமற்ற காட்சியைத் தொடர்ந்து பார்க்கும் மூளையின் இயல்பே அப்படி.

அதைவிட எனக்கு அச்சமூட்டுவது, ஜெரமி வூல்ஃப் என்பவரும் அவருடைய சகாக்களும் 2005இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு. படங்களுக்குள் ஒரு பொருளைத் தேடச் சொன்னார்கள். படங்களில் பாதியில் அந்தப் பொருள் இருந்தபோது, இருந்தும் தவறவிட்டது 7 சதவீதம். நூற்றில் ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது தவறவிட்டது 30 சதவீதம். அதாவது, அரிதான பிழையைத்தான் கண் அதிகம் தவறவிடுகிறது. நல்ல தொழிற்சாலையில் பிழை அரிது. ஆகவே நல்ல தொழிற்சாலையின் பரிசோதகருக்கே அதைக் காண்பது மிகக் கடினம். ஆயிரம் போல்ட்டும் சரியாக இருக்கக் கண்டவரின் மூளை, ஆயிரத்தோராவதையும் சரி என்று முன்கூட்டியே முடிவுசெய்துவிடுகிறது. கை அதன்படி முத்திரையைக் குத்துகிறது.

அப்படியானால் இரண்டு பேர் பார்த்தால்? ஒருவர் ஐந்து பிழையில் ஒன்றைத் தவறவிடுவார் என்று வைத்துக்கொண்டால், இருவரும் சேர்ந்து தவறவிடுவது இருபத்தைந்தில் ஒன்று. இந்தக் கணக்கு சரியாக இருக்க ஒரே நிபந்தனை, இரண்டாமவர் முதலாமவரைச் சாராமல் தானே பார்க்க வேண்டும். "அவர் பார்த்திருப்பார்" என்று இவரும், "இவர் பார்க்கத்தானே போகிறார்" என்று அவரும் நினைத்தால், முத்திரை இரண்டு விழும், பார்த்த கண் ஒன்றுகூட இராது. பகிடி செய்யத் தகுந்த அதிகாரத்துவம் இதுதான். கையெழுத்துகளின் எண்ணிக்கையைக் கூட்டி, ஒவ்வொரு கையெழுத்தின் பொறுப்பையும் அது கரைத்துவிடுகிறது.

இரண்டாவது கண் உண்மையாகவே இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்கு 1990 ஜூன் 10 சாட்சி. பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மலகாவுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் எயர்வேஸ் விமானத்தின் விமானி அறைக் கண்ணாடி நடுவானில் பிய்ந்து போனது. தலைமை விமானியின் உடலில் பாதி வெளியே இழுக்கப்பட்டது. ஊழியர்கள் கால்களைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி சௌதம்ரனில் இறக்கினார். தலைமை விமானி உயிர் பிழைத்தார். முந்தைய நாள் அந்தக் கண்ணாடியை மாற்றியபோது பூட்டிய 90 போல்ட்டுகளில் 84 தேவையானதைவிட ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகவே மெலிந்தவை, மீதி 6 நீளம் குறைந்தவை. பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணால் ஒப்பிட்டு எடுத்திருந்தார்கள். வேலை செய்தவர் இரவு முறையின் பொறுப்பாளர். அவருடைய வேலையை இன்னொருவர் பார்க்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை, ஏனெனில் இரட்டைப் பரிசோதனைக்குரிய பட்டியலில் கண்ணாடி இருக்கவில்லை.

யப்பானில் நடந்ததோ கண் இருந்தும் காண முடியாத கதை. 1978இல் ஒசாக்காவில் வால் தரையில் உரசிய ஒரு போயிங் 747இன் பின்புற அழுத்தச் சுவரைச் செப்பனிட்டார்கள். இணைப்புத் தகடு ஒரே துண்டாக இருந்து, சுமை இரண்டு வரிசை ரிவெற்றுகளில் இறங்க வேண்டும். தகட்டை இரண்டாக வெட்டிப் பொருத்தியதால் சுமை ஒற்றை வரிசையில் விழுந்தது. வெளியே பார்த்தால் மூன்று வரிசை ரிவெற் ஒழுங்காகத் தெரியும். வெட்டு உள்ளே, மூடிய தகடுகளுக்கிடையில், அடைப்புப் பசைக்குக் கீழே. ஒவ்வொரு பறப்பிலும் சுவர் அழுத்தத்தில் புடைத்துத் தணிந்தது, ஒவ்வொரு முறையும் வெடிப்பு மயிரளவு வளர்ந்தது. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பறப்புகளின் பின், 1985 ஓகஸ்ட் 12ஆம் திகதி சுவர் கிழிந்தது. விமானத்தில் இருந்த 524 பேரில் 520 பேர் இறந்தார்கள். வெட்டிய அந்த வேளையில், மூடுமுன், வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பிந்திய எந்தச் சாதாரணப் பார்வைப் பரிசோதனையாலும் அதைக் கண்டிருக்க இயலாது.

இப்போது அண்மைக்கால நிகழ்வு. 2024 ஜனவரி 5ஆம் திகதி, அமெரிக்காவின் போர்ட்லண்டிலிருந்து 177 பேருடன் எழுந்த அலாஸ்கா எயர்லைன்ஸின் போயிங் 737 மக்ஸ் 9 விமானத்தின் இடது பக்கத்தில், பயன்படாத கதவிடத்தை மூடியிருந்த அடைப்பு முழுவதாகக் கழன்று விழுந்தது. விமானம் தொழிற்சாலையிலிருந்து கைமாறி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. துளைக்கு அருகே இருந்த ஆசனம் அன்று வெறுமையாக இருந்தது, ஒருவரும் இறக்கவில்லை.

அந்த அடைப்பின் பொறிமுறை கவனிக்கத்தக்கது. அதன் பரப்பு ஏறத்தாழ 0.8 சதுர மீற்றர். கழன்ற உயரத்தில் உள்ளேயிருந்து அதைத் தள்ளிய அழுத்தம் மூன்று டன்னுக்குச் சற்று மேற்பட்ட சுமைக்குச் சமம். இந்தச் சுமையை, அடைப்பில் பூட்டும் நான்கு போல்ட்டுகள் தாங்குவதில்லை. விளிம்பைச் சுற்றியுள்ள பன்னிரண்டு தாங்கு முனைகள் தாங்குகின்றன. போல்ட்டுகளின் வேலை ஒன்றே ஒன்று: அடைப்பு மேல்நோக்கி நகர்ந்து அந்த முனைகளிலிருந்து விலகாமல் பார்த்துக்கொள்வது. நான்கு போல்ட்டும் இல்லாமலே அது இரண்டு மாதம் பறந்தது. அதிர்விலும் அழுத்த மாற்றத்திலும் சிறிது சிறிதாக மேலேறி, ஒருநாள் முனைகளைத் தாண்டிவிட்டது.

போல்ட்டுகள் எப்படி இல்லாமற் போயின? போயிங்கின் ரென்ரன் தொழிற்சாலையில் 2023 செப்டெம்பரில் அந்த அடைப்புக்கு அருகே ஐந்து ரிவெற்றுகள் பழுதென்று கண்டார்கள். கண்டதும் பரிசோதனைதான், அந்தப் பரிசோதகர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார். ரிவெற்றுகளைப் பற்றிப் பதிவுக்குமேல் பதிவாக வாதம் நடந்தது. அவற்றைச் செப்பனிட அடைப்பைத் திறக்க வேண்டியிருந்தது, திறப்பதற்குப் போல்ட்டுகளைக் கழற்ற வேண்டியிருந்தது. ஒரு பாகத்தைக் கழற்றினால் 'கழற்றல் பதிவு' ஒன்றைத் தொடங்க வேண்டும் என்பது அத்தொழிற்சாலையின் விதி. தொடங்கியிருந்தால், திரும்பப் பூட்டும்போது பரிசோதகரின் முத்திரையின்றி அந்தப் பதிவை மூட இயலாது. பதிவை எவரும் தொடங்கவில்லை. ஆகவே பரிசோதகரை எவரும் கூப்பிடவில்லை. ரிவெற் வேலை முடிந்தது, அடைப்பை மூடினார்கள், உட்புறச் சுவர்த்தகடு அதன்மேல் ஏறியது.

டக்ளஸின் பெயரில் உலவும் பகிடி காகிதம் மிகுதி என்கிறது. இங்கே ஐந்து ரிவெற்றுக்குக் காகிதம் மலையாக இருந்தது, நான்கு போல்ட்டுக்கு ஒரு தாளும் இல்லை. சிக்கல் எடையில் இல்லை. எந்த இடத்தில் எந்தத் தாள் ஒரு மனிதரை எழுப்பிக் கொண்டுவந்து பார்க்கவைக்கிறது என்பதில் இருக்கிறது.

தாளையும் பொருளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் இருந்தால் என்ன பயன் என்பதற்கும் சான்று உண்டு. 2023இல் போர்த்துக்கல் விமான சேவையின் பராமரிப்புப் பிரிவினருக்கு, உலகில் மிகப் பரவலாகப் பறக்கும் சிஎஃப்எம்56 இயந்திரத்துக்கான ஒரு சிறு உதிரிப்பாகம் வந்தது. சான்றிதழ் அதைப் புதியது என்றது, பாகமோ தேய்ந்து பழையதாகத் தெரிந்தது. தயாரிப்பாளரைக் கேட்டார்கள், சான்றிதழ் போலி என்று பதில் வந்தது. பிரித்தானிய விற்பனையாளர் ஒருவர் பரப்பிய போலிச் சான்றிதழ்கள் அதன் பிறகு பல நாட்டு விமான சேவைகளில் வெளிப்பட்டன. சான்றிதழில் இருக்க வேண்டிய கட்டங்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. கட்டங்களை மட்டும் சரிபார்க்கும் கந்தோர் அதை ஏற்றுக் கோப்பில் போட்டிருக்கும்.

பரிசோதனையை எங்கே வைப்பது என்பதற்கு ஒரு பழைய விஞ்ஞானம் இருக்கிறது. காங்கேசன்துறையில் 1950இல் உற்பத்தியைத் தொடங்கி 1990இல் போரினால் நின்றுபோன சீமெந்துத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளலாம். சீமெந்தின் வலிமையை அறிய மாதிரிக் கட்டிகள் வார்த்து, 28 நாள் வைத்திருந்து, நசுக்கி உடைப்பது உலகெங்கும் உள்ள முறை. உடைத்த கட்டி கட்டடத்துக்கு உதவாது. முழுவதையும் சோதித்தால் விற்க எதுவும் மிஞ்சாது. அதோடு 28 நாள் காத்திருந்து குறை கண்டால், அதற்கிடையில் ஆயிரக்கணக்கான மூடை வெளியே போயிருக்கும். ஆகவே கட்டியை உடைப்பதைவிட, சுண்ணக்கல்லின் கலவையையும் சூளையின் வெப்பத்தையும் மணிக்கு மணி பார்ப்பதே தரத்தைக் காக்கும்.

இந்தச் சிந்தனைக்குக் கணித வடிவம் தந்தவர் வோல்ற்றர் ஷூவர்ட். தொலைபேசிப் பொருள்கள் செய்த அமெரிக்கத் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றியபோது, 1924இல் தன் மேலாளருக்கு ஒரே பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினார். அளவுகளை வரிசையாக வரைந்து மேலும் கீழும் எல்லைக்கோடு போட்டால், இயல்பான ஏற்றத்தாழ்வு எது, செயல்முறையே பழுதாகிவிட்டதன் அறிகுறி எது என்று பிரித்துவிடலாம் என்பது அதன் சாரம். பொருள் கெடுமுன்பே செயல்முறை கெடுவதைக் காட்டும் கருவி அது. புள்ளியியலாளர் பிரசந்த சந்திர மகலநோபிஸின் அழைப்பில் ஷூவர்ட் இந்தியாவுக்கு வந்து தங்கியது 1947-48இல், 'சீதா தேவி' காங்கேசன்துறைக்கும் சென்னைக்கும் பறக்கத் தொடங்கிய அதே பருவத்தில். அவருடைய கருத்துகளை 1950இல் யப்பானியப் பொறியியலாளர்களுக்குக் கற்பித்தவர் எட்வர்ட்ஸ் டெமிங். பரிசோதித்துப் பரிசோதித்துத் தரத்தைப் பொருளுக்குள் புகுத்த முடியாது, அது செய்யும்போதே வர வேண்டும் என்று டெமிங் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தினார்.

இந்தக் கருத்தைப் பாதியாக எடுத்துக்கொள்வது ஆபத்து. 2019இல் போயிங், செயல்முறைகள் மேம்பட்டுவிட்டன என்று சொல்லி, ஆயிரக்கணக்கான பரிசோதனைகளை நீக்கவும் நூற்றுக்கணக்கான பரிசோதகர் இடங்களைக் குறைக்கவும் திட்டமிட்டது. தொழிற்சங்கம் கடுமையாக எதிர்த்தது. டெமிங் சொன்னதன் முதற்பாதி, செயல்முறையை நிலைநிறுத்துங்கள் என்பது. நிலைத்துவிட்டது என்று அளவுகள் காட்டிய பின்னரே கண்ணைக் குறைக்கலாம். கழற்றியதைப் பதியாமலே மூடிவிடக்கூடிய ஒரு தொழிற்சாலைத்தளத்தை நிலைத்த செயல்முறை என்று எப்படிச் சொல்வது? பரிசோதகரைச் செலவுக் கணக்கின் ஒரு வரியாகப் பார்க்கும் மனப்பாங்கை, எல்லாவற்றுக்கும் நாலு முத்திரை கேட்கும் மனப்பாங்குக்கு மாற்றாக நான் ஏற்கமாட்டேன். இரண்டும் ஒரே குறையிலிருந்து வருகின்றன: வேலைத்தளத்தில் உண்மையில் என்ன நடக்கிறது என்று போய்ப் பார்க்காத குறை.

கண்ணின் பலவீனத்தை ஒப்புக்கொண்டு, பொருளே தன் நிலையைச் சொல்லும்படி செய்த சாதனங்கள் விமானத்தில் நெடுங்காலமாக உண்டு. முக்கியமான போல்ட்டின் தலையில் துளையிட்டு, மெல்லிய கம்பியைக் கோத்து முறுக்கி, அருகிலுள்ள போல்ட்டுடன் கட்டிவிடுவார்கள். போல்ட் தளர முயன்றால் கம்பி இழுத்துப் பிடிக்கும். கம்பி இல்லையென்றால் எட்ட நின்றே தெரியும். இறுக்கிய நட்டின் மேலும் பக்கத்து உலோகத்தின் மேலுமாக ஒரு நிறக்கோடு இழுப்பது இன்னொன்று. நட்டு சிறிதளவு திரும்பினாலும் கோடு முறிந்து நிற்கும். இரண்டுக்கும் செலவு அற்பம். முறுக்குவிசையைத் தானே அளந்து நேரத்தோடு பதிந்துவைக்கும் மின்னணு முறுக்கிகள் இப்போது அதற்கு மேலும் ஒரு படி. ரிவெற் அடித்த நிமிடத்தைப் போல மறைந்துபோகும் விவரங்கள் எழுதுபவரின் ஞாபகத்தை நம்பி இராமல் அந்தக் கணத்திலேயே பதிவாகின்றன.

737 மக்ஸ் 9இன் அடைப்புக்கும் இதே வழியில்தான் தீர்வு தேடுகிறார்கள். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை 2025 ஜூனில் தன் விசாரணையை முடித்தபோது, தொழிற்சாலையில் போதிய பயிற்சியும் வழிகாட்டலும் மேற்பார்வையும் அளிக்கப்படாததே விபத்துக்குக் காரணம் என்று முடிவுசெய்தது. போல்ட்டுகள் தவறினாலும் அடைப்பைப் பிடித்துவைக்கும் இரண்டாவது ஏற்பாடு ஒன்றைப் போயிங் வடிவமைத்திருக்கிறது. அதற்கு அங்கீகாரம் கிடைத்ததும், ஏற்கனவே பறந்துகொண்டிருக்கும் விமானங்கள் எல்லாவற்றிலும் அதைப் பொருத்துவதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது சபையின் பரிந்துரைகளில் ஒன்று.